ஒரு சொல், ஆறு அகராதிகள்: ‘சிக்’ கொண்டு நடத்திய சோதனை

என் அண்ணன் மகள் பென்சிலால் ஒரு கிழ யானையின் கண்ணை வரைந்திருந்தாள். கண்ணை மட்டும்தான். அதைச் சுற்றியுள்ள தோலின் சுருக்கங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொட்டு, பதினொரு நாள் உட்கார்ந்து வரைந்த படம் அது. அதை வெளிநாட்டிலிருக்கும் தோழி ஒருத்திக்கு அனுப்பினாள். ‘திஸ் இஸ் சிக்’ (This is sick) என்ற மூன்றே சொற்களில் மறுமொழி வந்தது. கைபேசியிலிருந்த அகராதிச் செயலியில் அந்தக் கடைசிச் சொல்லைத் தேடினாள், ‘நோயுற்ற, குமட்டலுள்ள, சலிப்படைந்த’ என்று மூன்று பொருள்களை அது காட்டியது. “என் படத்தைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டுகிறதாம், அத்தை” என்று என்னிடம் சொல்லிவிட்டு, படத்தை அட்டையோடு அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள்.

தோழி சொன்னது அதுவன்று. படம் அசத்தலாக இருக்கிறது என்பதைத்தான் அவள் தன் வயதினரின் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள். மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைக்கும் எனக்கு அந்த நிமிடம் கோபமும் வருத்தமும் ஒருசேர வந்தன. அன்றாடம் நான் புழங்கும் அகராதிகளையும், புழங்காத சிலவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ‘சிக்’ என்ற ஒரே சொல்லை அவற்றில் தேடிப் பார்த்தேன். ஒரு வாரம் பிடித்தது. இந்த மதிப்புரை அப்படி எழுந்ததுதான்.

முதலில் அந்தச் செயலி. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அமைப்பில் பல செயலிகள் இருப்பதால் இந்தக் குறை ஒன்றுக்கு மட்டும் உரியதன்று. அது வேகமானது, இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குவது, சொல்லை ஒலித்துக் காட்டுவது. இவை சிறிய வசதிகள் அல்ல. அது தந்த மூன்று பொருள்களில் ஒன்றுகூடத் தவறில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பொருளை யார், யாரிடம், எந்தச் சூழலில் சொல்வார்கள் என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை. எடுத்துக்காட்டு வாக்கியமும் இல்லை. மூன்று தமிழ்ச் சொற்களை அரைப்புள்ளி இட்டு அடுக்கிவிட்டால் அகராதியின் வேலை முடிந்துவிட்டது என்று கருதியிருக்கிறார்கள். சொல்லுக்குப் பொருள் சொல்வதுதானே அகராதியின் வேலை, மற்றவை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அலமாரிக்குப் பின்னால் கிடந்த அந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

அடுத்துப் பார்த்தது, மாணவர்களுக்காகவே எழுதப்பட்ட ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை வகுப்பறையில் நேரில் பார்த்து, உடன் இருவரைச் சேர்த்துக்கொண்டு தொகுத்து 1942-இல் அங்கே வெளியிட்ட அகராதியே இதன் மூலம். 1948-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதை எடுத்து வெளியிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் எங்கே வழுக்கி விழுவார் என்ற அக்கறை இன்றைய இணையப் பதிப்பிலும் தொடர்கிறது. ‘சிக்’ என்ற பதிவைத் திறந்தால் உடல்நலமின்மை முதலில் வருகிறது; அடுத்து வாந்தி வருவதுபோன்ற உணர்வு; அதன்பின் சலிப்பு, கொடூரமான நகைச்சுவை எனப் பொருள்கள் நீள்கின்றன; கடைசியில், குழு வழக்கு என்று சுட்டும் ‘ஸ்லாங்’ என்ற குறியோடு, மிக நன்றாக இருக்கும் ஒன்றைப் பாராட்டும் பொருள் வருகிறது. என் அண்ணன் மகளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

அந்தக் குறியின் அருமையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ‘ஸ்லாங்’ என்ற ஒற்றைச் சொல் வாசகருக்கு இரண்டு சேதிகளைத் தருகிறது. நண்பர்களுக்குள், பெரும்பாலும் இளைஞர்களின் வாயில் கேட்டால் இந்தப் பொருளை எதிர்பார் என்பது ஒன்று. வேலைக்கான விண்ணப்பத்திலோ மருத்துவரிடமோ இந்தப் பொருளில் நீ பயன்படுத்தாதே என்பது மற்றொன்று. கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் எடுத்துப் பேசுவதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைக் காட்டாத அகராதி மாணவரைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது. இதே பதிவில் இன்னொரு குறியும் உண்டு: வாந்தியைச் சுட்டும் பொருள் சிறப்பாகப் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு உரியது என்பது. அமெரிக்கர் ஒருவர் ‘ஐ வாஸ் சிக்’ என்றால் பொதுவாக உடம்பு சரியில்லாமல் இருந்தார் என்று கொள்ளலாம். ஆங்கிலேயர் ஒருவர் அதையே சொன்னால் வாந்தி எடுத்தார் என்று பொருள்படக்கூடும். பொதுவான நலக்குறைவுக்குப் பிரித்தானியர் ‘இல்’ என்ற சொல்லையே மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வேலைக்கு வராமல் நோய் விடுப்பில் இருப்பதைச் சொல்லும்போது அவர்களும் ‘ஆஃப் சிக்’ என்றே சொல்வார்கள். இப்படிப்பட்ட நுட்பங்களை விதியாக மனப்பாடம் செய்ய முடியாது. குறிகளும் எடுத்துக்காட்டுகளும் சேர்ந்துதான் கற்றுக்கொடுக்க முடியும்.

கோபில்ட் அகராதி இன்னொரு வழியில் செல்கிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், கணினியில் திரட்டிய உண்மையான ஆங்கில உரைகளின் பெருந்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1987-இல் முதற்பதிப்பு வந்தது. சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை வைக்காமல், ‘நீங்கள் ஒன்றைக் குறித்துச் சிக் ஆக இருக்கிறீர்கள் என்றால், அது உங்களுக்குச் சலித்துவிட்டது’ என்ற பாணியில் முழு வாக்கியமாகவே பொருள் சொல்வது இதன் சிறப்பு. ஒரு சொல் எந்த இடைச்சொல்லோடு கூடி வருகிறது, எழுவாய் ஆளா பொருளா என்பதெல்லாம் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ‘சிக்’ போன்ற சொல்லுக்கு இந்த முறை மிகவும் பொருந்துகிறது. ‘ஆவ்’ (of) என்ற இடைச்சொல் பின்னால் வந்தால் சலிப்பு. ‘ஃபீல்’ என்ற வினை முன்னால் வந்தால் பெரும்பாலும் குமட்டல். கடல், வீடு, காதல் ஆகியவற்றின் பெயர்களோடு ஒட்டி வந்தால் கடற்பயண மயக்கம், வீட்டு ஏக்கம், காதல் நோய். சொல்லின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே பொருள் தெரிந்துவிடுகிறது. சொற்றொடரைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உள்ள ஆசிரியர்களுக்கு இந்த அகராதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் ‘தட்ஸ் சிக்’ என்ற வாக்கியத்தில் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க எந்தச் சொல்லும் இல்லை. அருவருப்பான செயலைப் பார்த்தும் அதையே சொல்வார்கள், அபாரமான செயலைப் பார்த்தும் அதையே சொல்வார்கள். முகமும் குரலும் இருந்தால் தெரிந்துவிடும். எழுத்தில் வரும்போது, சொல்பவரின் வயதையும் பேசப்படும் பொருளையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. இது எந்த அகராதியின் குறையுமன்று. சொல்லின் இயல்பே அப்படி.

அந்த இயல்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் போக வேண்டிய இடம் ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி. 1857-இல் இலண்டன் மொழியியற் கழகத்தில் எழுந்த எண்ணம், 1884-இல் முதற்பகுதியாக வெளிவந்து, 1928-இல்தான் நிறைவுற்றது. ஏறத்தாழப் பாதியைப் பதிப்பித்த ஜேம்ஸ் மர்ரி 1915-இலேயே மறைந்துவிட்டார். இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. இப்போது இணையத்தில் திருத்தம் தொடர்ந்து நடக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அது முதன்முதலில் எழுத்தில் தென்பட்ட சான்று தொடங்கி, காலவரிசையில் மேற்கோள்களை அடுக்குவதே இதன் முறை. அப்படி அடுக்கப்பட்டுள்ள மேற்கோள்கள் 30 இலட்சத்துக்கும் மேல்.

இந்தப் பேரகராதியில் ‘சிக்’ என்ற பதிவைப் படிப்பது ஓர் ஊரின் பழைய தெருக்களில் நடப்பதைப் போல இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘சேயோக்’ என்று ஒலித்த சொல் அது. டச்சு, ஜெர்மன் மொழிகளிலும் அதன் உடன்பிறப்புகள் உண்டு. நோயுற்ற நிலை என்பதுதான் அன்று முதல் இன்று வரை அதன் முதற்பொருள். ‘இல்’ என்ற மற்றச் சொல்லோ வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து தீயது என்ற பொருளோடு வந்து சேர்ந்தது. நோய் என்ற பொருளை அது ஏற்றது 15-ஆம் நூற்றாண்டில்தான். அப்படியே படித்துக்கொண்டு கீழே இறங்கினால், பாராட்டும் பொருளுக்கான முதற்சான்றாக 1983 என்ற ஆண்டு நிற்கிறது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்து மாணவர் வழக்குகளைத் தொகுத்த ஒரு பட்டியலில், நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருப்பது என்ற விளக்கத்தோடு அந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நோயைச் சுமந்துவந்த சொல் ஒரு கல்லூரி வளாகத்தில் புகழ்ச்சியாகத் தலைகாட்டிய தடத்தைப் பார்த்தபோது, ஒரு மூதாட்டியின் இளமைக்காலப் புகைப்படத்தைத் திடீரெனக் கண்டெடுத்தது போன்ற மகிழ்ச்சி எனக்கு ஏற்பட்டது.

எழுத்தில் முதலில் கிடைத்த சான்று 1983 என்பதற்கு, அதற்கு முன் யாரும் அப்படிப் பேசவில்லை என்று பொருளில்லை. குழு வழக்குகள் வாயில்தான் பிறக்கின்றன. ஏடேறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். பேரகராதியைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இது மாணவருக்கு ஏற்றதா என்றால், அவசரத் தேவைக்கு ஏற்றதன்று. பொருள்கள் கால வரிசையில் நிற்பதால் பழமையானவை முன்னும் புதியவை பின்னும் வரும். இன்று பெரிதும் வழங்கும் பொருள் எது என்பதை வரிசை சொல்லாது. பெரும்பாலான பதிவுகளை முழுமையாகப் படிக்கச் சந்தாவும் தேவை. ஆனால் பல பொது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தம் உறுப்பினர்களுக்கு இதைத் திறந்துவிட்டிருக்கின்றன. நூலக அட்டை வைத்திருப்பவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

கெட்டதைச் சுட்டிய சொல் நல்லதைச் சுட்டத் திரும்புவது ஆங்கிலத்தில் புதிதன்று. அச்சமூட்டுவது என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘டெரிஃபிக்’ இன்று பெரும்பாலும் பாராட்டுதான். தீய என்ற பொருளுடைய ‘விக்கட்’, கெட்ட என்ற பொருளுடைய ‘பேட்’, முன்பு பார்த்த ‘இல்’ ஆகிய மூன்றும் இளைஞர் வாயில் இதே வழியில் திரும்பியவை. இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ‘பயங்கரமாக இருந்தது’, ‘மிரட்டிவிட்டார்’, ‘வெறித்தனம்’ என்று நாமும் அச்சத்தின் சொற்களைக் கொண்டுதான் வியப்பைச் சொல்கிறோம். எதிர்த்திசையில் சென்ற சொற்களும் நம்மிடம் உண்டு: நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ முடைநாற்றமாகிப் போனது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ‘நாற்றம்’ தன் பழைய பொருளைப் பேச்சிலிருந்து ஏறத்தாழ முழுமையாக இழந்துவிட்டது. ‘சிக்’ எதையும் இழக்கவில்லை. நோய், குமட்டல், சலிப்பு, கொடூரம், பாராட்டு ஐந்தும் ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒரே வாயிலிருந்து வரக்கூடும். அகராதிக்குக் கடினமான சோதனை இதுதான் என்பதால்தான் இந்தச் சொல்லை உரைகல்லாக எடுத்துக்கொண்டேன்.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்திருப்பதையும் இங்கே நினைத்துக்கொண்டேன். இறந்தவரைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்வது மங்கலம். தீயதை நல்ல பெயரால் மூடுவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. தம் கூட்டத்தார்க்கு மட்டும் விளங்கப் பேசுவது. ‘சிக்’ என்ற பாராட்டு மங்கலத்தை அப்படியே தலைகீழாக்கிய குழூஉக்குறி என்று எனக்குத் தோன்றுகிறது: நல்லதைத் தீய பெயரால் அழைத்து, இவன் நம்மவனா என்று சொல்லாமலே அறிந்துகொள்வது.

குழு வழக்குகளுக்கென்றே தனி அகராதிகள் ஆங்கிலத்தில் நீண்ட காலமாக உள்ளன. பிரான்சிஸ் குரோஸ் 1785-இலும், எரிக் பார்ட்ரிட்ஜ் 1937-இலும் வெளியிட்டவை புகழ்பெற்றவை. இன்று அந்த மரபின் உச்சியில் நிற்பது ஜொனாதன் கிரீன் தொகுத்து 2010-இல் மூன்று தொகுதிகளாக வந்த கிரீன்ஸ் ஸ்லாங் அகராதி. 2016 முதல் இணையத்திலும் இருக்கிறது. இப்போது கட்டணமின்றிப் படிக்கலாம். பேரகராதியைப் போலவே சான்று மேற்கோள்களைக் காலவரிசையில் தருவதோடு, ஒவ்வொரு மேற்கோளும் எந்த நாட்டினது என்ற குறியையும் இது இடுகிறது. ஒரு வழக்கு அமெரிக்காவில் தோன்றிப் பிரித்தானியாவுக்குப் போனதா, ஆஸ்திரேலியாவில் தங்கிவிட்டதா என்பதைக் கண்ணால் தொடர்ந்து செல்லலாம். சிறுவர்கள் தனியே புரட்டத்தக்க அகராதியன்று. தெருமொழி முழுவதும், வசைகள் உட்பட, எதையும் மறைக்காமல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது ஒரு புதையல்.

கடைசியாக அர்பன் டிக்‌ஷனரி. கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவராக இருந்த ஆரன் பெக்கம் 1999-இல் தொடங்கிய தளம் இது. யார் வேண்டுமானாலும் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதலாம். படிப்பவர்கள் ஏற்றோ மறுத்தோ வாக்களிக்கலாம். எழுதியவரின் புனைபெயரும் எழுதிய நாளும் ஒவ்வொரு விளக்கத்தின் கீழும் இருக்கும். நேற்றுப் பிறந்த வழக்கு இங்கே இன்றே வந்துவிடும். அச்சேறிய அகராதி எதனாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அமெரிக்க நீதிமன்றங்களே சில வழக்குகளில் தெருச்சொல் ஒன்றின் பொருளறிய இதைப் புரட்டியிருக்கின்றன.

ஆயினும் இதை அகராதி என்ற பெயரில் ஒரு பள்ளிப் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பொருள் சொல்ல வந்தவர்களுக்குப் பக்கத்திலேயே, வேடிக்கை காட்ட வந்தவர்களும், தமக்கு வேண்டாதவரை இழிவுபடுத்த வந்தவர்களும் எழுதுகிறார்கள். அருவருப்பான விளக்கங்கள் மிகுதி. வாக்கு எண்ணிக்கை ஒரு விளக்கம் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைக் காட்டும். அது சரியா என்பதைக் காட்டாது. நான் இதைப் பயன்படுத்தும் முறை வேறு. விளக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு உரையாடலை மட்டும் படிப்பேன்; கீழே உள்ள நாளைப் பார்ப்பேன்; வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் எழுதிய மூன்று நான்கு விளக்கங்கள் ஒத்துப்போனால் மட்டும் நம்புவேன். சாட்சிகளை விசாரிப்பதுபோல் விசாரித்தால் பயன் உண்டு.

தேடும்போது எதிர்ப்பட்ட ஒரு சின்னச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நாயை ஏவிவிடுவதைக் குறிக்கும் ‘சிக்’ என்ற வினைச்சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. தேடு என்று பொருள்படும் ‘சீக்’ என்ற வினையின் வட்டார வடிவம் அது. நோய்க்கும் அதற்கும் உறவில்லை. மூலத்தில் இப்படியேதான் இருக்கிறது என்று சுட்ட, மேற்கோளுக்குள் சதுர அடைப்பில் இடப்படும் ‘சிக்’ இலத்தீன் மொழியினது. மூன்றும் ஒரே மாதிரி ஒலிப்பவை. நல்ல அகராதிகள் இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. செவியால் கேட்டதை வைத்துத் தேடுபவர்கள் மூன்று கதவுகளையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரே ஓர் அகராதியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் லேர்னர்ஸ் அகராதியின் இணையப் பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நிகராகக் கோபில்டையும் சொல்வேன். மொழிபெயர்ப்பவர்கள் இவற்றோடு கிரீனையும், நூலக அட்டை இருந்தால் பேரகராதியையும் சேர்த்துக்கொள்ளலாம். கைபேசிச் செயலியை வாங்குவதற்கு முன், அதில் ‘சிக்’ என்று தட்டிப் பாருங்கள். பாராட்டும் பொருள் இருக்கிறதா, அதற்குப் பக்கத்தில் குறி இருக்கிறதா, ஒரு வாக்கியமாவது எடுத்துக்காட்டாக இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் தொடருங்கள்.

லேர்னர்ஸ் அகராதியின் அந்தக் கடைசி வரியை என் அண்ணன் மகளுக்குக் காட்டினேன். “அப்படியென்றால் படம் மிரட்டலாக இருக்கிறது என்கிறாளா, அத்தை?” என்று அவளே சரியான தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். அலமாரியை நகர்த்திப் படத்தை எடுத்தோம். அட்டையின் ஒரு மூலை மட்டும் மடங்கியிருந்தது. சில நாள் கழித்து அதே தோழியிடமிருந்து இன்னொரு புரியாத சொல் வந்தது. இருவரும் சேர்ந்து பதிவைத் திறந்தபோது, அவள் பொருளைப் படிக்கத் தொடங்கவில்லை. அதற்கு முன்னாலிருந்த சிறிய சாய்வெழுத்தில் விரலை வைத்து, அது என்ன குறி என்று என்னைக் கேட்டாள்.